வாசகசாலைக் கட்டுரையில் நான் செய்த திருத்தங்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. இணையக் கலைக்களஞ்சியத்தில், சிட்லபாக்கத்து வாசகசாலை ஒன்றைப் பற்றிய கட்டுரையில், நான் சேர்த்த வரியை யாரோ பத்தே நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள். வரி இது: "இதனை நிறுவியவர் பெருமதிப்பிற்குரிய அமரர் தனசிங் அவர்கள்." தனசிங் என் தகப்பனார். கதைக்கு எவரும் சான்று கேட்கமாட்டார்கள் என்பதால் இங்கே வந்திருக்கிறேன்.

2

(மறுபடி தொடங்குகிறேன்.) மூன்றாம் வீட்டு கெசியா வங்கியில் வேலை பார்ப்பவள், அந்தக் கலைக்களஞ்சியத்தில் பல வருடங்களாக எழுதுபவள். சனிக்கிழமை மதியம் எனக்குச் சொல்லித்தர வந்தாள்.

"அங்கிள், இது கல்யாணப் பத்திரிகை இல்ல. பெருமதிப்பிற்குரிய, அமரர், அவர்கள், மூணும் போகணும்."

"வெறும் தனசிங்கா? இந்த ஊர்ல ஒருத்தரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்ல."

"ஜனாதிபதிக்கே அங்க 'அவர்கள்' கிடையாது. சரி, அச்சுல ஏதாவது ஆதாரம் இருக்கா?"

"நான் சொல்றேன், போதாதா?"

"நீங்க மகன். உங்க பேச்சுதான் மொதல்ல செல்லாது."*

* இந்த வசனத்தை நீக்க நினைத்தேன். சிரித்துக்கொண்டே சொன்னாள் என்பதால் விட்டுவைத்தேன்.

3

பீரோவிலிருந்து எங்கள் தேவாலயச் சபையின் வெள்ளிவிழா மலரை எடுத்துக் கொடுத்தேன். 1974. அதில் அப்பாவின் படம் இருப்பது நினைவிருந்தது. கெசியா உரக்கப் படித்தாள்: "வாசகசாலையை நிறுவி எட்டாண்டுகளாக நடத்திவருபவர் செல்வி ஹில்டா. பெயர்ப்பலகை உதவி: திரு. தனசிங்."

"ஹில்டா யாரு அங்கிள்?"

ஹில்டா எங்கள் குடும்பத்துக்கு

ஹில்டா என்பவர் ஒரு காலத்தில்

ஹில்டா என் அத்தை. மலர் வந்த இரண்டாம் வருடம், சபைக்கு வெளியே, அனகாபுத்தூர் நெசவுக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டார். அதன்பின் எங்கள் வீட்டில் அவர் பெயரை யாரும் சொன்னதில்லை. நிறுவியவர் அப்பா என்றாகிவிட்டது. எனக்கு அப்போது வயது இருபத்துமூன்று. தெரியாது என்று சொல்ல வழியில்லை.

4

மலரில் இருந்தபடியே என்னைத் தட்டச்சு செய்ய வைத்துச் சேமித்தாள் கெசியா. பிறகு போன் பேச வெளியே போனாள். நான் ஹில்டா என்ற பெயரை எடுத்துவிட்டு, தனசிங் என்று போட்டு, நானே சேமித்தேன். சொல்லிக்கொடுத்ததை நன்றாகவே கற்றிருந்தேன்.

திரும்பி வந்தவள் 'வரலாறு' என்ற பக்கத்தைத் திறந்தாள்.

"இங்க எடுத்தது எதுவும் காணாமப் போகாது அங்கிள். 4.12, ஹில்டா வர்றாங்க. 4.20, போறாங்க. எடுத்தது யாரு, படிங்க."

பயனர் பெயர்: தனசிங் குடும்பம். வேறு பெயர் வையுங்கள் என்று அவள் முதலிலேயே கெஞ்சியிருந்தாள், கேட்டேனா? இப்போது, அத்தையை நீக்கியது நாங்கள்தான் என்று உலகத்துக்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"நானே திருப்பிப் போட்டுடலாம். போடமாட்டேன். நீங்களே போடுங்க," என்றாள் கெசியா.

5

முதல் முடிவு: நான் அந்தப் பெயரைத் திரும்பச் சேர்த்தேன். (அவ்வளவு சீக்கிரம் மாறுகிறவன் இல்லை நான். நீங்களும் நம்பமாட்டீர்கள்.)

இரண்டாவது: மலரைக் கிழித்துப் போட்டேன். (அதில் அப்பாவின் படம் இருக்கிறது.)

உண்மையில், கெசியா காபி குடித்துவிட்டுப் போய்விட்டாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டுரையில் இன்னும் தனசிங்தான். ஆனால் திருத்துவதற்கான 'தொகு' என்ற பொத்தான் அங்கே எல்லோருக்கும் உண்டு. நான் மகன், என் பேச்சு செல்லாது. நீங்கள் அந்நியர், உங்களுக்குத் தடையில்லை. சான்று: வெள்ளிவிழா மலர், 1974, பக்கம் 14. ஒரே பிரதி என்னிடம் இருக்கிறது. சரிபார்க்க வருபவர்கள் காலை பத்து மணிக்கு மேல் வரவும். கதவைத் திறப்பேன்.