ஒரே அளவில் இரண்டு ஜோடி

சுங்க அலுவலகத்தின் ஏழாவது கவுன்ட்டரில் இருந்த அதிகாரி இரண்டு பெட்டிகளையும் பிரித்து மேசைமேல் வைத்தார். கறுப்புக் காலணிகள், இரண்டு ஜோடி. முன்பக்கம் அகலமாக, பெருவிரல் எலும்பு புடைத்த கால்களுக்கென்றே தைத்தவை. மேசைக்கு எதிரே நின்றவள் வெளிநாட்டுக் கடை ஒன்றின் இணையதளத்தில் தேடிப் பிடித்து வாங்கியவை.

“ரெண்டும் ஒரே மாடல், ஒரே சைஸ். விக்கிறதுக்கா?”

“இல்ல சார். ஒண்ணு எனக்கு, ஒண்ணு எங்க அக்காவுக்கு.”

“ரெண்டு பேருக்கும் ஒரே சைஸா?”

“சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் சார்.”

அவர் சிரிக்கவில்லை. “அப்ப ஒரு ஜோடி தனக்குத்தான்னு அக்கா கைப்பட எழுதி, அட்ரஸ் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பட்டும். இல்லேன்னா வியாபாரச் சரக்குன்னு போட்டுடுவேன். வரி ஏறிடும்.”

அழகு நிலையத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே முடி வெட்டுகிறவள் அவள். கூடுதல் வரியைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கட்டிவிட்டால் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அனுப்புகிறவர் பெயர் போடாமல் ஒரு பெட்டியை அக்காவுக்குக் கூரியரில் அனுப்புவதாகத்தான் இருந்தாள்.

அக்காவோடு நான்கு வருடமாகப் பேச்சில்லை. ஆஸ்பத்திரியில் அம்மா, “பெரியவளைக் கூப்பிடு” என்று மூன்று தடவை கேட்டாள். அக்கா வந்தால் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொள்வாள், இத்தனை மாதம் தான் அம்மாவைப் பார்த்துக்கொண்டது ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று இவளுக்கு ஒரு பிடிவாதம். நாளைக்குக் கூப்பிடலாம் என்று தள்ளிப்போட்டாள். மறுநாள் விடிவதற்குள் அம்மா போய்விட்டாள். அக்கா வந்து திட்டவில்லை. “என்னைக் கேட்டாளா?” என்று மட்டும் கேட்டாள். இவள் ஆமாம் என்று தலையசைத்தாள். அதோடு சரி. அதன் பிறகு தனியாளாகிப்போன வீட்டில் இவள் வாய் திறப்பதே டிவியைத் திட்டத்தான்.

‘எங்க அக்கா’ என்று சொல்லியே எவ்வளவு நாளாயிற்று! தூணோரம் போய் நின்று நம்பரை அழுத்தினாள்.

“யாரு?”

“நான்தான்க்கா.”

பாத்திரம் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. இவள் மூச்சு விடாமல் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

“நான் உங்கிட்ட செருப்பு கேட்டேனாடி?”

“கேக்கலக்கா.”

“என்ன எழுதணும்?”

சொன்னாள். போன் துண்டிக்கப்பட்டது.

பத்து நிமிடத்தில் படம் வந்தது. கோடு போட்ட தாளில் அக்காவின் சாய்ந்த கையெழுத்து: ‘இதில் ஒரு ஜோடி எனக்கு. நான்தான் வாங்கச் சொன்னேன்.’ அதிகாரி படித்துவிட்டு, சொந்த உபயோகத்துக்கான வரியை மட்டும் போட்டு முத்திரை குத்தினார்.

இரண்டாவது வாக்கியத்தை இவள் எழுதச் சொல்லவில்லை. காரியம் முடியட்டும் என்று அக்கா எழுதினாளா, மனதாரத்தான் எழுதினாளா என்று தெரியவில்லை. கீழே இருந்த முகவரியை அப்போதுதான் கவனித்தாள். இவளுக்குத் தெரிந்த முகவரி இல்லை அது. அக்கா எப்போதோ வீடு மாறியிருக்கிறாள். மறுபடி அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது.

பெட்டிகளோடு இரண்டு பஸ் மாறி அந்த முகவரியைத் தேடி இறங்கியபோது சாயங்கால வெயில் தெருவில் சாய்ந்திருந்தது. கதவெண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அக்கா எழுதியிருந்த அதே மூன்றாவது மாடியில் யாரோ காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். குறுக்கே தொங்கிய பெரிய போர்வை முகத்தை மறைத்தது. அதன் ஒரு முனை விடுபட்டுச் சரிந்தது. மறுமுனையின் கிளிப்பைத் தேடி ஒரு கை கொடியோடு நகர்ந்து வந்துகொண்டிருந்தது.