வாயில் ஒரு மடக்குத் தண்ணீர்

விக்டோரியா ராணி செத்த வருஷம் ஐப்பசியில் மலையில் விடாத மழை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே எங்கள் கண்மாய் நிறைந்து தளும்பியது. விடிந்து பார்த்தால் கரையில் ஓரிடத்தில் நீர் கசிகிறது. மடையைத் திறக்காவிட்டால் கரை உடைந்து ஊரே போய்விடும்.

மடை திறப்பவன் சமுத்திரம். முங்கிப் போய், அடியில் மடைவாயை அடைத்திருக்கும் பலகையைப் பிடுங்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்டியிருப்பான். வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்த அந்த நொடியே கரையில் நிற்கும் நாங்கள் நாலு பேரும் அவனை இழுத்தாக வேண்டும். தாமதித்தால் தண்ணீர் அவனையும் மடைக்குள் இழுத்துக்கொள்ளும்.

அவன் பெண்டாட்டி அய்யம்மாள் செட்டியார்பட்டிக்காரி. வாயைத் திறந்தால் மடை திறந்த மாதிரிதான். அவளைக் கண்டாலே நாங்கள் சந்து மாறிப் போவோம். அன்று காலையிலும் புருஷனோடு சண்டை போட்டு, ‘போய்த் தொலை’ என்று சொல்லியிருக்கிறாள்.

ஊர்முறை ஒன்று உண்டு. புருஷன் முங்கியிருக்கும் நேரம் பெண்டாட்டி கண்மாய்த் தண்ணீரை வாயில் வைத்திருக்க வேண்டும். விழுங்கினாலோ துப்பினாலோ அவன் மேலே வரமாட்டானாம். ஊர்ப் பெரியவர் ஐயாதுரை ஊற்றிய தண்ணீரை வாயில் வாங்கிக்கொண்டு நின்றாள். காலையில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வழியில்லை.

சமுத்திரம் முங்கினான்.

திடீரென்று கரைக்கு அந்தப் பக்கம் பேரிரைச்சல். “பாயுதுலே! ஊரு பொழச்சிட்டு!” என்று யாரோ கத்தினார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நாங்கள் நாலு பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஓடினோம்.

அய்யம்மாள் கயிற்றைத் தாவிப் பிடித்தாளாம். தனியாளால் இழுக்க முடியவில்லை. கயிறு அவளையே தண்ணீருக்கு இழுத்தது. வாயில் தண்ணீரோடு தரையை உதைத்துப் பார்த்தாள். ஒருவரும் திரும்பவில்லை.

துப்பினாள்.

“ஏலே, சண்டாளப் பாவிகளா! கயித்த இழுங்கலே!”

ஓடிவந்து இழுத்தோம். சமுத்திரம் தோளெல்லாம் தோல் உரிந்து மேலே வந்தான். மூச்சு இருந்தது.

ஐயாதுரைக்கு அது பெரிதாகப் படவில்லை. “முறைய மீறித் துப்பிட்டாளே! இனி ஊருக்கு என்ன கேடு வருமோ?”

சமுத்திரம் தண்ணீரைக் கக்கிவிட்டுத் தலையைத் தூக்கினான். “அவ துப்பலேன்னா, இந்நேரம் எனக்கு வாய்க்கரிசி போட்டிருப்பிய.”

அய்யம்மாள் அவன் தலையை மடியில் எடுத்து வைத்தாள். “காலையில நான் சொன்னது...” என்று ஆரம்பித்தாள். கண்ணீர்தான் கொட்டியது.

“ஏட்டி, காதெல்லாம் தண்ணி அடைச்சிருக்கு” என்றான் அவன். “காலையில சொன்னது ஒண்ணும் எனக்குக் கேக்கல.”