மாரியாயிக்கு ஒரு கொம்பு வளையம்

வளையல் போட்டுக்கொள்ள வருகிறவள் என் முன்னால் குந்தி உட்கார வேண்டும். இது நான் போட்ட சட்டம். நின்றுகொண்டு கையை நீட்டினால் கை விறைத்துப்போகும், வளையல் ஏறாது. முக்கி ஏற்றினால் தோல் உரியும், பழி என் தலையில் விழும். அதனால் சம்பள ஞாயிறன்று காத்துமலைத் தேயிலைத் தோட்டத்தில் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் நான் பாயை விரித்தால், கங்காணி பெண்டாட்டியே வந்தாலும் குந்தித்தான் ஆக வேண்டும்.

பெரகலச் சந்தியில் எங்கள் கடை. என்னைக் கட்டிய மாப்பிள்ளை இத்ரூஸ் எருமைக் கொம்பில் சீப்பும் வளையலும் கடைவார். நான் அவற்றைக் கூடையில் கட்டித் தோட்டம் தோட்டமாக ஏறி விற்பேன். சீமையில் யுத்தம் மூண்டு கண்ணாடி வளையல் வரத்து நின்றுபோன காலம் அது. வேறு வழியில்லாமல் எல்லாப் பெண்களும் கொம்பு வளையலுக்கு மாறியிருந்தார்கள். எனக்கு முகம் மறந்துபோகும், கை மறக்காது. காத்துமலையில் எழுபது பெண்களின் கையளவும் எனக்கு மனப்பாடம்.

அந்த ஞாயிறு மாரியாயி மட்டும் உட்கார மறுத்தாள்.

"குந்து புள்ள."

"நின்னுக்கிட்டே போட்டுக்கிறேங்க."

"ஏன், தரை உன்னக் கடிக்குமா? எல்லாரும் குந்திப் போடுறாங்க, நீ மட்டும் மகாராணியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் வாய் அப்படித்தான். ஒரு சிரிப்பு கிடைத்தால் இன்னொன்றுக்கு ஆசைப்படும். மாரியாயி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு போய்விட்டாள். திமிர் பிடித்தவள் என்று நினைத்து அடுத்த கையைப் பிடித்தேன்.

பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கும்போது தண்ணீர் கொட்டும் பீலியின் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். ஒரு கையால் கல்லைப் பிடித்திருந்தாள். கால்கள் அகன்று இருந்தன.

"வளவிக்காரம்மா, கோவிச்சுக்காதீங்க. என்னால குந்த முடியாது. அடி எறங்கிருச்சு."

பிள்ளை பெற்ற இருபதாம் நாள் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறியிருக்கிறாள். புருஷன் அழகர் அந்தப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டான். வீட்டில் மூன்று வாய். ஏறாமல் என்ன செய்வாள்? ஒரு மாதத்தில் கருப்பை கீழே சரிந்து வெளியே தலைகாட்டத் தொடங்கிவிட்டது. ஒரு வருஷமாகக் கிழிந்த சேலையைக் கோவணம்போல் இறுக்கிக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கிறாள். குந்தினால் மொத்தமும் வெளியே வந்துவிடும்.

"அடுத்த மாசம் ஒண்ணாந் தேதி பதினாறாம் நம்பர் மலையில கொழுந்தெடுக்கணும்னு பெரட்டுல சொல்லிட்டாங்க. செங்குத்து மலைங்க அது. ஏற்கனவே மூணு நாளு பாதியில கூடைய எறக்கிட்டேன். இன்னொரு தரம் எறக்கினா பேர வெட்டிருவேன்னு நல்லையா கங்காணி சொல்லிப்புட்டாரு. பேரு போனா லயத்துல குடியிருக்கக் காம்பரா இல்ல. வேலையவிட்டு நிறுத்துன துண்டக் கையில குடுத்து இந்தியாவுக்குக் கப்பலேத்திருவாங்க. அங்க எனக்கு யாருங்க இருக்கா?"

"பதுளை ஆசுபத்திரிக்குப் போனா என்ன?"

"ஆம்பள டாக்டருகிட்டயா?" என்றாள். கல்லை விட்டுவிட்டு, கால்களை அகட்டியபடியே லயத்துப் பக்கம் நடந்தாள்.

பெரகலவுக்கு இறங்கும் வழியெல்லாம் அந்த மகாராணி என்ற சொல் என்னைக் குடைந்தது. எத்தனை பேரை அவளைப் பார்த்துச் சிரிக்க வைத்தேன் என்று நினைக்க நினைக்க எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கோப்பி வடிக்கும்போதுதான் அது நடந்தது. வடிதுணியின் வாயில் தைத்திருந்த கம்பி வளையம் துருப்பிடித்து அற்றுப்போய், துணிப்பை அப்படியே கூஜாவுக்குள் இறங்கிவிட்டது. அவசரத்துக்குக் கைக்கு அகப்பட்ட ஒரு கொம்பு வளையலைத் துணிக்குள் விட்டு விளிம்பை மடித்தேன். பை கூஜாவின் கழுத்தில் நின்றது. கொதிநீரை ஊற்றினேன், அப்போதும் நின்றது. கோப்பி ஆறிப்போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்ரூஸ் கோப்பி கேட்டுக் கத்தியது காதில் விழவே இல்லை.

"எனக்கு ஒரு வளையம் கடைஞ்சு தாங்க" என்றேன். "ரெண்டரை இஞ்சி. சுண்டுவிரல் மொத்தம். எங்கயும் விளிம்பு இருக்கக்கூடாது, கன்னம் மாதிரி வழவழன்னு இருக்கணும்."

"சுண்டுவிரல் மொத்தத்துல காப்பா? ஆரு போடுற? ஆனைக்குட்டியா?"

"பொம்புளைங்கட விஷயம். கேக்காதீங்க."

கேட்கவில்லை. ஆனால் கடையும்போது முழுநேரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கோபத்தில் கடைந்தாலும் அவர் கையில் பிசிறு இருக்காது. வளையத்தை என் கன்னத்திலும் உள் உதட்டிலும் உரசிப் பார்த்தேன். எங்கும் உறுத்தவில்லை.

அதைக் கொதிநீரில் போட்டு எடுத்து, சுத்தமான துணியில் முடிந்துகொண்டு மறுநாளே மலை ஏறினேன். மாரியாயியின் காம்பராவில் கதவைச் சாத்திவிட்டு, கையைச் சவுக்காரம் போட்டு முழங்கைவரை கழுவினேன். அவளைப் படுக்க வைத்தேன். இறங்கியிருந்ததை மெல்ல உள்ளே தள்ளி, வளையத்தில் தேங்காயெண்ணெய் தடவி, சாய்த்து உள்ளே விட்டுத் திருப்பினேன். கைமுட்டியில் வளையலைச் சாய்த்துத் திருப்பும் அதே கை வித்தைதான். எங்கள் தொழிலில் ஒரு பெருமை உண்டு. ஏறுவதில் எது மிகவும் இறுக்கமோ, அதுதான் சரியான அளவு. தொளதொளவென்று வளையல் போட்டு அனுப்பினால் அது வளையல்காரிக்குக் கேவலம். வளையம் இறுக்கமாகப் போய் நின்றது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாரியாயி எழுந்து நின்றாள். காம்பராவுக்குள் நாலடி நடந்தாள். திரும்பி நடந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"காலு ரெண்டும் சேருதுங்க" என்றாள்.

அன்றைக்கு நான் மலையிலிருந்து இறங்கவில்லை, பறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் அவளுடைய பக்கத்துக் காம்பரா ஜெயலெட்சுமி உப்பு வாங்கும் சாக்கில் கடைக்கு வந்தாள். "மாரியாயிக்கு நேத்துலருந்து ஒண்ணுக்குப் போகலைங்க. வயிறு கல்லாட்டம் இருக்கு" என்று என் காதருகே சொன்னாள். கூடையைக்கூட எடுக்காமல் ஓடினேன். வளையம் இருந்த இடத்தில் பதிந்துபோய்க் கிடந்தது. வெளியே எடுப்பதற்குள் அவள் பட்ட பாட்டை இங்கே எழுத மாட்டேன். வளையத்தோடு இரத்தமும் வந்தது. அப்புறம்தான் அவளுக்கு நீர் பிரிந்தது. ஒரு மனுஷியைக் கொல்லப் பார்த்தேன் என்பதை அந்த வளையத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் உணர்ந்தேன்.

"போதுங்க" என்றாள் மாரியாயி, சுவரைப் பார்த்தபடி. "என் தலையெழுத்து. நீங்க போங்க."

வீட்டுக்கு வந்து வளையத்தைக் கழுவி அளவுகோலில் வைத்தேன். இரண்டரை இஞ்சியில் அது நிற்கவில்லை. ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்சி, கூடியிருந்தது. இதற்குமேல் இத்ரூஸிடம் மறைப்பதில் பொருளில்லை. கூஜாவில் தொடங்கி இரத்தம் வரை எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிப்பார், அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கட உம்மாவும் எப்பவும் நின்டுகொண்டேதான் அரிசி புடைப்பா" என்றார். "குந்தி நான் பாத்ததே இல்ல. எதுக்கென்டு இப்பதான் வெளங்குது."

பிறகு வளையத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துத் தொழில்காரனாகப் பேசினார். "கொம்பு ஈரத்துல ஊறினா வீங்கும், ஜெனீரா. சீப்பைத் தண்ணியில போடாதீங்கன்டு நான் எல்லாருக்கும் சொல்றது எதுக்கு? என்னட்ட முதல்லயே சொல்லியிருந்தா தேன்மெழுகுல ஊறப்போட்டுத் தந்திருப்பன்."

அது அவர் பங்குப் பிழை அல்ல, என் பங்கு. ஆனால் வீக்கம் ஒரு நூல்தான். மிச்சம் முழுவதும் என் பெருமை. என் கையைப் பார்த்தேன். என் மணிக்கட்டில் கிடக்கும் வளையல் தாராளமாகச் சுழல்கிறது. அது இறுக்கத்தில் நிற்கவில்லை, கைமுட்டி தடுப்பதால் நிற்கிறது. இருபது வருஷமாக வளையலை ஏற்றும் நேரத்தை மட்டும் பார்த்தவள், அது ஏறிய பிறகு எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. உள்ளே விடும் வளையம் பிடிக்கக்கூடாது, தங்க வேண்டும். சுற்றிலும் ஒரு விரல் போய்வர இடம் இருக்க வேண்டும்.

அன்று மாலையே இத்ரூஸ் இரண்டேகாலிலிருந்து ஒவ்வொரு நூலாகக் குறைத்து மூன்று வளையம் கடைந்தார். உருகிய மெழுகில் ஊறவைத்து, துணியால் தேய்த்துத் தேய்த்து மின்ன வைத்தார். நானும் என் பங்குக்கு ஒரு வேலை சேர்த்தேன். ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு துளை, அதில் முறுக்கிய பட்டு நூல். இழுத்தால் அவளே எடுத்துவிடலாம். இரண்டாவது தரம் எவளும் எனக்காகக் காத்துக் கிடந்து துடிக்கக்கூடாது. (வெகுகாலம் கழித்து, பதுளையிலிருந்து வந்த மருத்துவிச்சி ஒருத்தி ரப்பரில் செய்த வளையம் ஒன்றைக் காட்டி, சீமையில் வெகுநாளாக இருக்கிற சாமான் என்றாள். அங்கேயும் எவளோ ஒருத்தியின் வடிதுணி கூஜாவுக்குள் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.)

ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. புண் ஆற மூன்று நாள் விட்டுவிட்டு மலை ஏறினேன். மாரியாயி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"உன்னை மகாராணின்னு சொன்னதும் தப்பு, இறுக்கிப் போட்டதும் தப்பு" என்றேன். "ரெண்டுக்கும் மன்னிச்சுக்க. இந்தத் தடவ அளவு நீ சொல்லு. நான் சொல்ல மாட்டேன். வலிச்சா நூலை இழுத்து வீசிடு. நான் கோவிக்க மாட்டேன்."

அவள் மூன்று வளையத்தையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு கதவை முழுக்கத் திறந்தாள்.

சின்னது இருமியதும் நழுவியது. நடுவில் உள்ளது நின்றது. இரும வைத்தேன், நடக்க வைத்தேன், தண்ணீர் குடிக்க வைத்து, அவள் பின்கட்டில் ஒண்ணுக்குப் போய்விட்டு முகம் தெளிந்து வரும்வரை வாசலில் நின்றேன். பிறகு அவளையே எடுக்கச் சொன்னேன், கழுவச் சொன்னேன், போடச் சொன்னேன். நாலாம் தரம் என் உதவி இல்லாமலே போட்டாள். வாரம் ஒரு தரம் எடுத்துக் கழுவி, மெழுகு தேய்த்துக் காயவைத்துப் போடு என்று சொல்லி, ஒரு மெழுகு உருண்டையும் கொடுத்து வந்தேன்.

ஒன்றாம் தேதி எனக்குக் கடையில் இருப்பு கொள்ளவில்லை. சந்தியிலிருந்து பார்த்தால் பதினாறாம் நம்பர் மலை தெரியும், ஆட்கள் எறும்பளவுதான் தெரிவார்கள். அதில் எவள் மாரியாயி என்று எப்படிச் சொல்வது? அப்படியிருந்தும் மூன்று தரம் வெளியே போய்ப் பார்த்தேன். மூன்றாம் தரம் இத்ரூஸும் பின்னாலேயே வந்து கண்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"ஒருத்தரும் கூடைய எறக்கல்ல" என்றார், ஏதோ தெரிந்தவர்போல். அந்தப் பொய்க்காக அவர்மேல் எனக்கு அன்றைக்கு எவ்வளவு பிரியம் வந்தது என்று சொல்லி முடியாது.

செய்தி எதுவும் வரவில்லை. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் சம்பள ஞாயிறு வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அன்று லயத்து வாசலில் பாயை விரித்து, கூடையை அவிழ்த்துவிட்டு, தலையை நிமிர்த்தவே பயந்துகொண்டு வளையல்களை அடுக்கினேன்.

பாய்க்கு முன்னால் ஒரு கொலுசில்லாத கால் வந்து நின்றது. அது மடிந்தது. மாரியாயி என் முன்னால் நன்றாகக் குந்தி உட்கார்ந்து, இடது கையை நீட்டினாள்.

"பேரு இருக்குங்க" என்றாள். "பதினாறாம் நம்பர்ல முப்பது ராத்தல் கொழுந்து எடுத்தேன். இப்ப வளவி போடுங்க."

கையைப் பிடித்தேன். வளையல் ஏறியதும் அதைச் சுழற்றிப் பார்த்தேன். தாராளமாகச் சுழன்றது.

மாரியாயி எழுந்திருக்கவில்லை. தலையைத் திருப்பாமலே மெல்லச் சொன்னாள், "பின்னால பாருங்க."

பார்த்தேன். வரிசையில் எல்லாரும் குந்தியிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், சுவரோரமாக, நாலு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான்கு பேரின் கையளவும் எனக்கு மனப்பாடம். வருஷக்கணக்காக அவர்கள் என்னிடம் வளையல் வாங்க வந்ததில்லை, திமிர் என்று நான் விட்டுவிட்டிருந்தேன். அதில் கடைசியாக நின்றவள் கங்காணி நல்லையாவின் பெண்டாட்டி.

"நீங்க குந்த வேணாம்" என்றேன் அவர்களிடம். "நில்லுங்க. உங்களுக்கு உள்ள வந்து அளவு பாக்குறேன்."