சமையலுக்கு ஒரு ஆள்

அன்று மாலை கேட்டருகே இருந்தவர்கள்: இல்லத்தை நடத்தும் சந்திரகலா அக்கா, சக்கர நாற்காலியில் நாகையா, சாவிக்கொத்தோடு பராமரிப்பு வேலை பார்க்கும் நான். கேட்டுக்கு வெளியே, முகக்கவசமும் துணிப்பையுமாக நாகையாவின் மனைவி குமுதா.

மலேசியாவின் கிள்ளானில் ஒரு சிவன் கோவில் வழிபாட்டுக் குழு நடத்தும் முதியோர் இல்லம் இது. கொரோனா முடக்கம் வந்ததும் பார்வையாளர்களை நிறுத்திவிட்டோம். உள்ளேயே தங்கி வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. பிறந்தநாள் சாப்பாடு கொண்டுவரும் குடும்பங்கள் நின்றுபோயின. ஊருக்குப் போயிருந்த சமையல்கார அம்மா, எல்லை மூடியதில் மேடானிலேயே மாட்டிக்கொண்டார். அதிலிருந்து ரொட்டி, மைலோ, சந்திரகலா அக்கா வைக்கும் கஞ்சி. அந்தக் கஞ்சியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நாகையா பங்சாரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது. குமுதாவுக்கு அறுபது ஆகவில்லை, அதனால் இல்லத்தில் இடம் கிடையாது. தினமும் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார். கேட் மூடியபின் நாகையா சாப்பாட்டைத் தள்ளி வைக்க ஆரம்பித்தார். வயதானவர்கள் இப்படித்தான் சாகிறார்கள். சத்தமே இருக்காது.

"சமையலுக்கு ஆளு தேடுறீங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றார் குமுதா. "நான் வரேன். சம்பளம் வேணாம். கிளினிக்ல டெஸ்ட்டும் எடுத்துட்டேன்."

அக்கா டெஸ்ட் முடிவுத் தாளை வாங்கிப் பார்த்தார். "நல்லா சமைப்பீங்களா?"

"சமைப்பேனே."

"முப்பது பேருக்கு சாம்பார். பருப்பு எவ்ளோ போடுவீங்க?"

குமுதாவின் பார்வை நாற்காலிப் பக்கம் நழுவியது. நாகையாவின் இடது கை தொடைமேல் இரண்டு விரல்களை நீட்டியது.

"ரெண்டு கப்பு."

நாகையா கண்ணை மூடிக்கொண்டார்.

"கிலோ டி," என்று முனகினார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "அங்கிள், உள்ள சாமி இருக்கு. பொய் சொல்லாதீங்க. இவங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

நாகையா நெற்றி விபூதியைத் தடவினார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான்தான் சமைச்சேன். அவளுக்கு ஷா ஆலாம் ஃபேக்டரில நைட் ஷிப்ட். சுடுதண்ணி வைப்பா. அதையும் ஒரு தடவ தீய விட்டுட்டா."

"இப்பதான் உங்களுக்கு உண்மை வருதா?" என்றார் குமுதா.

"சாமிய இழுத்துட்டாங்க லா. நான் என்னா பண்ண?"

குமுதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகாமல் நின்றார். அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியின் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குசினி வாசப்படில ஒரு பலகை போட்டா இது ஏறுமா?" என்று என்னைக் கேட்டார்.

"ஏறும்கா."

"அப்ப அவர் சொல்லட்டும், இவங்க கிண்டட்டும். எனக்கு வேண்டியது சாப்பாடு." குமுதாவிடம் திரும்பினார். "உள்ள வந்தா இதெல்லாம் முடியிற வரைக்கும் வெளிய போக முடியாது. எப்ப முடியும்னு எனக்கே தெரியாது. வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வாங்களேன்."

"வீட்ட ஓனர்கிட்ட குடுத்துட்டேன் அக்கா."

அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கேட்டைத் திறந்தேன்.

"மொதல்ல கையக் கழுவு," என்றார் நாகையா. "வெங்காயத்த நீளமா வெட்டி வைக்காத, சொல்லிட்டேன்."

"உள்ள வரதுக்குள்ள ஆரம்பிச்சிட்டாரு பாருங்க," என்றபடி குமுதா உள்ளே நுழைந்தார். நான் அவருக்குப் பின்னால் கேட்டைச் சாத்திப் பூட்டினேன்.