மெர்வினுக்காகப் புதைத்த தங்கம்

மென்சீஸ் ஊருக்கு வடக்கே காட்டில் தங்கம் தேடி டிடெக்டர் தூக்கித் திரிகிறவர்களிடம் இரண்டு கேள்வி கேட்கக் கூடாது. எவ்வளவு கிடைத்தது என்று கேட்டால் பொய் சொல்வார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டால் அதைவிடப் பெரிய பொய்யாகச் சொல்வார்கள். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்கூட, மேற்கே எடுத்ததைக் கிழக்கே என்று கைகாட்டிவிட்டு, நிம்மதியாகப் பீர் குடிப்பான்.

அப்படித் திரிகிற நெவிலும் மெர்வினும் தங்களுக்குள் மட்டும் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டதில்லை. ரயில்வேயில் ஒன்றாக வேலை பார்த்த காலத்திலிருந்தே ஒரே பேச்சு: யாருடைய டிடெக்டர் கத்தினாலும் பாதிப் பாதி. ஒருத்தன் காய்ச்சலில் வீட்டில் படுத்துக் கிடந்தாலும் அவனுக்குப் பாதி உண்டு. எழுதியெல்லாம் வைக்கவில்லை. வாய்ச்சொல் போதும் என்று இருந்தார்கள், போதுமாகவும் இருந்தது.

அந்தப் பேச்சை உடைத்தவர் நெவில்.

போன வருஷம் மெர்வினின் மனைவி கோரலுக்குப் புற்றுநோய் முற்றி, பெர்த்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மெர்வின் அவள் கட்டிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நெவில் தனியாகக் காட்டுக்குப் போனார். ஒரு நாள் காலை, வெள்ளைக்கல் சிதறிக் கிடந்த மேட்டில், ஹெட்போனுக்குள் அந்தச் சத்தம் வந்தது. இரும்பு ஆணிக்குக் கத்துகிற மாதிரி வெடுக்கென்று வராமல், மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற சத்தம். முழங்கை ஆழம் தோண்டினார். பிக்காசுத் தலையில் வைத்திருந்த காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. இரும்பில்லை, தங்கம்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கையில் எடுத்து எச்சில் தொட்டுத் துடைத்தார். நாலு பவுனுக்குக் குறையாது.

சாயங்காலம் போன் செய்தார், சொல்லத்தான். எடுத்ததுமே மெர்வின், "டாக்டர் கைய விரிச்சுட்டாருடா" என்று அழுதார். அழுகிறவனிடம் தங்கக் கதையா பேசுவது? அடுத்த தடவை சொல்லலாம் என்று விட்டார். அடுத்த தடவையும் ஏதோ ஒன்று. பிறகு கோரல் போய்விட்டாள். துக்க வீட்டில் சொல்ல முடியுமா?

இப்படிக் காரணங்களை நெவில் தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டார். உண்மை வேறு. கட்டியை நட்டு போல்ட்டு டப்பாவுக்குள் ஒளித்து வைத்து, ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு, எடுத்து எடுத்துப் பார்த்தார். முழுசும் தன்னுடையது என்று நினைக்க நன்றாக இருந்தது. மனைவி ஹேசலுக்குக்கூடக் காட்டவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாத சேதி சோறு மாதிரிதான். ஊசிப் போனபிறகு யாருக்கும் பரிமாற முடியாது.

குளிர்காலம் வந்ததும் மெர்வின் காட்டுக்குத் திரும்பினார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். டிடெக்டரை ஆட்டிக்கொண்டு நடப்பார், ஹெட்போன் கழுத்தில் தொங்கும். கேட்டால், "அட, போட மறந்துட்டேனா" என்பார். இறைச்சி டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, ஈ மொய்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நெவிலுக்குத் தன் முகத்தில் தானே காறித் துப்பலாம் போலிருந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கட்டியை மெர்வினே கண்டெடுக்கிற மாதிரி செய்துவிட்டால்? பங்கும் போய்ச் சேர்ந்துவிடும், மனுஷனும் கொஞ்சம் நிமிர்வார், தானும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் கடைசிச் சலுகைதான் நெவிலுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

காய்ந்த ஓடை ஒன்றின் வளைவைத் தேர்ந்தெடுத்தார். மெர்வின் சமையல் கேரவனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், கரையில் ஒரு கல்லுக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரால் குடைந்து கட்டியைத் தள்ளினார். பாட்டில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறுக்கினார். முல்கா மரக்கிளையை ஒடித்துத் தன் காலடியைக் கூட்டினார். போதாததற்கு மறுநாள் மழை வேறு பெய்தது. தப்பு செய்கிறவனுக்கு அந்தக் காட்டில் வானம்கூட ஒத்தாசை செய்தது.

மழை விட்டபின், "நீ ஓடைப்பக்கம் போ, நான் மேட்டப் பாக்கறேன். ஹெட்போன காதுல மாட்டு, கிழவா" என்று அனுப்பிவைத்தார். கொஞ்ச நேரத்தில் ஓடையிலிருந்து அலறல் வந்தது. பாம்போ என்று பயந்து ஓடினார் நெவில். மெர்வின் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் கட்டி.

"நெவ்... இது கோரல் அனுப்புனதுடா."

நெவில் இதை எதிர்பார்க்கவில்லை. சிரிப்பார், குதிப்பார், கெட்ட வார்த்தையில் கடவுளை வாழ்த்துவார் என்றுதான் நினைத்திருந்தார்.

"சாகறதுக்கு முந்தி சொன்னா. 'காட்டுக்குப் போவாம மட்டும் இருந்துடாதீங்க'ன்னு. பாத்தியா? பாத்தியாடா?" மெர்வின் அழுதுகொண்டே சிரித்தார். பிறகு சட்டெனக் கட்டியை நீட்டினார். "இந்தா, புடி. பாதி உன்னுதுதான?"

நெவில் வாங்கிப் பார்த்தார். முதல்முதலாகப் பார்ப்பது போல் புருவத்தை உயர்த்தினார். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், கத்தவும் முடியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. மெர்வின் நிமிர்ந்தார், சாப்பிட்டார், விசில் அடித்தார். நெவிலும் சில நாள் நன்றாகத் தூங்கினார். ஆனால் தங்கம் தேடுகிறவன் ஒரு கட்டியோடு நிற்பானா? கட்டி ஒன்று கிடைத்தால் அதற்கு அண்ணன் தம்பி பக்கத்தில் இருக்கும் என்பது அங்கே வேதவாக்கு. மெர்வின் இடுப்பில் சங்கிலி கட்டி இழுத்துக்கொண்டு, அது மண்ணில் போடுகிற கோட்டை ஒட்டி ஒட்டி, ஒரு சாண் இடம் விடாமல் ஓடைக்கரை முழுவதும் டிடெக்டர் ஆட்டினார். ஒன்றும் கத்தவில்லை. "அப்ப ஆழத்துல இருக்கு" என்று முடிவு கட்டினார். ஓடையைச் சுற்றி எல்லைக்கு முளையடித்து, தோண்டுகிற உரிமத்துக்கு விண்ணப்பித்தார். புல்டோசர் பிடித்து மேல்மண்ணை வழித்துவிட்டு அடியில் தேட வேண்டும். புல்டோசருக்குப் பணம்? கால்கூர்லியில் வீடு இருக்கிறதே, கோரலும் அவரும் கட்டிய வீடு. அதை விற்கப் புரோக்கரிடம் சொல்லிவிட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

"கொஞ்சம் பொறு, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார் நெவில். "அடுத்த வருஷம் நான் இருக்கேனோ இல்லியோ" என்றார் மெர்வின். "இது வேற மாதிரி மண்ணு, எனக்கு நம்பிக்க இல்ல" என்றார் நெவில். "உனக்கு என்னைக்குத்தான் நம்பிக்க இருந்துச்சு" என்று பதில் வந்தது.

புரோக்கர் பத்திரத்தோடு வருகிற அன்று காலை, மேட்டில் ஏறினால் மட்டும் வேலை செய்கிற நெவிலின் போனில் மெர்வினின் மகள் டையான் அழைத்தாள்.

"அங்கிள், அப்பா உங்க பேச்ச மட்டுந்தான் கேப்பாரு. அந்த வீடும் போச்சுன்னா அவரு எங்க போயி இருப்பாரு? என் ஃபிளாட்டுல ரெண்டு நாள் தங்கச் சொன்னாலே மூச்சு முட்டுதுங்கறாரு."

"சொல்லிப் பாத்தேம்மா."

"அப்பிடி என்னதான் இருக்கு அந்த ஓடையில? உங்களுக்குத் தெரியாததா? ஒண்ணுமில்லேன்னா அடிச்சுச் சொல்லுங்க அங்கிள். ப்ளீஸ்."

நெவில் போனைப் பையில் போட்டுவிட்டு மேட்டிலிருந்து இறங்கினார். சொல்லித்தான் ஆக வேண்டும். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம், இனி மூஞ்சியில் முழிக்காதே என்றாலும் போய்விடலாம். வீடு மிஞ்சினால் போதும்.

மெர்வின் வண்டி நிழலில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். "வா, வா. இன்னைக்கி நல்ல நாளு. சர்க்கர ரெண்டு போடட்டா?"

"மெர்வின், இந்த ஓடையில ஒண்ணும் இல்ல."

"ஆரம்பிச்சுட்டான்யா."

"அந்தக் கட்டிய நாந்தான் பொதைச்சேன்."

மெர்வின் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். நெவில் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரியும். பெர்த்தில் அவர் இருந்த சமயம் கிடைத்தது, போனில் சொல்ல வந்தது, சொல்லாதது, டப்பாவில் ஒளித்தது, ஸ்க்ரூடிரைவர், தண்ணீர், முல்காக் கிளை, எல்லாவற்றையும் கொட்டினார். "பாதி குடுக்காம திருடிட்டேன்டா. கோரல் அங்க கெடக்கறப்ப. அத எப்பிடித் திருப்பிக் குடுக்கறதுன்னு தெரியாமத்தான் இந்த வேலையச் செஞ்சேன்" என்று முடித்தார்.

மெர்வின் ஒரு வாய் தேநீர் குடித்தார்.

"எங்க கெடச்சுது?"

"பழைய ஆட்டுப்பட்டிக்குத் தெக்க, அந்த வெள்ளக்கல்லு மேட்டுல."

அவ்வளவுதான். மெர்வினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குவளை தளும்பிக் காலில் கொட்டியது. "டேய், டேய்! முப்பது வருஷத்துல வெளியாளு எவன்கிட்டயாவது உண்மையான எடத்தச் சொல்லிருக்கியாடா நீ? இப்ப என்னையும் ஆட்டுப்பட்டிக்கு அனுப்பப் பாக்கற!"

"சத்தியமா, மெர்வின்."

"சத்தியம் வேறயா? அந்த ஜெர்மன்காரன் நம்ம பள்ளத்துகிட்ட கூடாரம் போட்டப்ப அவன்கிட்ட என்னடா சொன்ன? 'தம்பி, இதுல ஒண்ணுமில்ல, விளையாட்டுக்கு நாங்கதான் ரெண்டு கட்டிய பொதைச்சு வச்சோம்'னு சொல்லல? பாவம், மூட்டையக் கட்டிட்டுப் போனான். நானும்தான பக்கத்துல நின்னு தலையாட்டினேன். அதையே எங்கிட்ட அவுத்து விடற! புதுசா ஒண்ணு யோசிக்கக் கூடாதா?"

நெவிலுக்கு அது மறந்தே போயிருந்தது. அன்று வயிறு வலிக்கச் சிரித்ததும் இப்போது நினைவுக்கு வந்தது.

"சரி, போட்டோ இருக்கா?"

"எடுக்கல."

"ஹேசலுக்குக் காட்டினியா?"

"இல்ல."

"உன் வாயில ஒரு ரகசியமும் நிக்காது. நாலு பவுன் தங்கத்த பொண்டாட்டிக்குக் காட்டாம வச்சிருந்தியாக்கும்!" மெர்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு மெல்ல அடங்கியது. நெவிலின் தோளில் கை வைத்தார். "இங்க பாரு. இந்த எடத்துமேல உனக்கு ஆசை வந்துருச்சு. நான் வெலகிக்கிட்டா நீ தனியாத் தோண்டலாம்னு மனசுல தோணிருக்கு. தப்பில்ல. தங்கம்னா எவனுக்கும் புத்தி கொஞ்சம் கோணத்தான் செய்யும். ஆனா அதுக்காக உன்னை நீயே திருடன்னு சொல்லாத. கோரல் சாகக் கெடக்கறப்ப என்னை ஏமாத்தற ஆளு இல்லடா நீ. அது எனக்குத் தெரியும். அவ கடைசியா உன்னையத்தான் கேட்டா, 'நெவில் வந்தானா'ன்னு."

"மெர்வின், தயவுசெஞ்சு நம்புடா..."

"மன்னிச்சுட்டேன், போ. வெளிய ஒருத்தன்கிட்டயும் சொல்ல மாட்டேன். விண்ணப்பத்துல உன் பேரையும் சேத்துத்தான் எழுதிருக்கேன், பைத்தியக்காரா. நீ இல்லாம நான் மட்டும் தோண்டுவேனா?"

நெவிலுக்குச் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. செய்த தப்பு அப்படியே இருந்தது. அதைத் தூக்கிக் கையில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இத்தனை வருஷம் தான் சொன்ன பொய்யெல்லாம் சேர்ந்து, சொன்ன ஒரே உண்மையையும் விழுங்கிவிட்டதே என்று நெஞ்சு எரிந்தது.

சிவப்புப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு புரோக்கரின் கார் வந்தது. பளபள ஷூ போட்ட மனுஷன், புழுதிக்குப் பயந்து கால் தூக்கித் தூக்கி நடந்தார். பத்திரத்தை வண்டியின் பானெட் மேல் விரித்து, காற்றில் பறக்காமலிருக்க மெர்வின் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். கை கொஞ்சமும் தயங்கவில்லை.

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும் சார்" என்றார் புரோக்கர்.

"ஆளா இல்ல? இவன்தான் எனக்குச் சாட்சி. கல்யாணத்துலயும் இவன்தான் போட்டான்." மெர்வின் பேனாவை நெவிலிடம் நீட்டினார்.

நெவில் பேனாவையே பார்த்தார். மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் புரோக்கரே ஊருக்குப் போய் வேறொருவனைப் பிடித்து வாங்கிக்கொள்வார். ஓடைமேல் உள்ள ஆசையில்தான் மறுக்கிறான் என்று மெர்வின் உறுதியாக நம்புவார். அப்புறம் இந்தக் காட்டில், ஓடைப் பள்ளத்தில், இந்த மனுஷன் பக்கத்தில் யாருமே இருக்கமாட்டார்கள்.

"என்னடா, பேனாவையே பாக்கற? எழுத மறந்துடுச்சா?" மெர்வின் முதுகில் தட்டினார். "போடு, போடு. அவரு பாவம், ஈ மொய்க்குது."

நெவில் கோரலின் வீட்டு முகவரிக்குக் கீழே, கோடு போட்டிருந்த இடத்தில், தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.