காற்றுக்கு ஓர் அம்பு

மேலாளருக்குத் தன் ஆங்கிலத்தின் மீது அபார நம்பிக்கை. அறிக்கையில் வரும் ஒவ்வொரு ‘ஹி’யும் ‘இட்’டும் ‘தே’யும் யாரை, எதைக் குறிக்கிறது என்று சிவப்புப் பென்சிலால் அம்பு போட்டுக் காட்ட வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த சட்டம். தலைமை அலுவலகம் அதை மெச்சி, அம்பில்லாத அறிக்கைகளைத் திருப்பி அனுப்பவும் தொடங்கிவிட்டது.

அந்த வாரம் கிடங்கின் சன்னல் வழியே மழை புகுந்து, காகிதக் கட்டுகள் ஊறிப்போயின. அறிக்கையை மேலாளரே எழுதினார். சன்னலைத் திறந்து போட்டது ‘தே’ என்று இருந்ததே தவிர, ஆள் யாரென்று இல்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் காவலாளி கதவோரம் நின்றிருந்தார்.

எல்லாரும் அக்கா என்றழைக்கும் தட்டச்சர் பென்சிலைச் சீவினார்.

“சார், இந்த ‘தே’க்கு அம்பு எங்க போகுது?”

“இதைக்கூடவா கேட்பே? வாட்ச்மேன் பக்கம் போடும்மா.”

“அவர் அன்னிக்கு லீவு சார். லீவு லெட்டர்ல நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. கிடங்குச் சாவி வாங்கிட்டுப் போனது நீங்களும் உங்க மச்சானும். மச்சானுக்குப் புழுக்கம் தாங்கலைன்னு...”

“மெதுவாப் பேசும்மா.”

“அம்பு, சார்?”

மேலாளர் அறிக்கையைப் பிடுங்கி, அடித்துத் திருத்தினார். புதிய அறிக்கையில் சன்னலைத் திறந்தது காற்று. ‘இட்’டிலிருந்து காற்றுக்கு அவரே அளவுகோல் வைத்து அம்பு போட்டார். காற்றுக்கு வேலை போகும் பயம் கிடையாது; முக்கியமாக, அது யாருடைய மச்சானும் இல்லை.

காவலாளி வாசலில் தன் நாற்காலியில் போய்ச் சாய்ந்தார்.

“நல்ல காத்து, அக்கா,” என்றார்.