தரையைப் பார்த்து ஓட்டியவள்

விடியற்காலை நாலே முக்காலுக்கு எதிர்காற்றில் ஏழு கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பதென்றால், அன்றைய வேலையில் பாதியை ஆலைக்குப் போய்ச் சேரும் முன்பே முடித்துவிடுவது மாதிரி. தொடைச் சதை கல்லாக இறுகும். மூச்சு தொண்டையைச் சுரண்டும். கேரியரில் கட்டிய சாப்பாட்டுத் தூக்கு குலுங்கிக் குலுங்கி, ஒவ்வொரு பள்ளத்தின் ஆழத்தையும் முதுகெலும்புக்குச் சொல்லும். அதற்கப்புறம்தான் ஆடை ஆலையில், நீராவிக்கு நடுவே, ஒன்பது மணி நேரம் நிற்கிற வேலை.

வரிசையில் முதலில் போகிறவள் சின்னவள். அடுத்து அவளுடைய அக்கா, பெரியவள். அப்பா அம்மா போன பிறகு ஓர் அறை, ஓர் அடுப்பு, இரண்டு சைக்கிள் என்று இருந்தவர்கள். ஆலையிலும் அடுத்தடுத்த மேசைதான். சட்டைக் காலரைப் பெரியவள் தேய்த்துத் தள்ளுவாள். மீதியைச் சின்னவள் தேய்த்து மடிப்பாள். மூன்றாவதாக வருகிறவள் பித்தான் தைக்கிற ரேடியோ. பேச்சை நிறுத்தத் தெரியாததால் அந்தப் பெயர். மேட்டில் ஏறும்போதுகூட அவளுக்குப் பேச மூச்சு மிச்சமிருக்கும்.

“மெதுவாப் போடி. முதலாளி உனக்காக வாசல்ல வந்து நிக்கிறாராக்கும்?”

“உன் வாய்க்குப் பயந்துதான் வேகமாப் போறேன்க்கா.”

முதலாளிக்குச் சைக்கிள் என்றாலே ஆகாது. ஆலைக்கு ஒரு வேன் உண்டு. அதில் வருகிறவர்கள் அது கிளம்பும்போதுதான் வீடு போக முடியும். மூன்று மணிக்கு வேலை முடிந்து மணி அடித்தாலும் வேன் சாவி மேனேஜர் மேசையில் கிடக்கும். ஐந்தாகும், ஆறாகும், அதுவரை கை ஓட வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாராவது முனகினால், “அப்ப நடந்து போ” என்பார் மேனேஜர். சைக்கிள்காரிகளிடம் அந்தச் சாவியின் அதிகாரம் செல்லவில்லை. மணி அடித்தால் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆறு பேராகத் தொடங்கியவர்கள் ஒரே வருஷத்தில் பத்தொன்பது பேர் ஆனார்கள்.

அதன் பிறகுதான் ரோடு மாறியது. வேன் டிரைவர் முழங்கையை உரசுகிற மாதிரி வண்டியை ஒடித்துக்கொண்டு போனான். “ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுதா?” என்று கத்தினான். அவனைப் பார்த்து லாரிக்காரர்களும் பழகிக்கொண்டார்கள். ஒருநாள் ஓடுகிற லாரியிலிருந்து எவனோ வாளித் தண்ணீரை ரேடியோவின் முகத்தில் அடித்தான். அன்றைக்கு ஆலை வரும்வரை அவள் வாயே திறக்கவில்லை.

அப்புறம் ஆணி. தட்டைத் தலையுள்ள சின்ன ஆணிகள், சைக்கிள் போகிற ஓரத்தில் மட்டும், அள்ளித் தெளித்தது போல. ஒரே காலையில் ஏழு டயர் போயிற்று. ஏழு பேருக்கும் அரைநாள் சம்பளம் வெட்டு. “சைக்கிள் உன் இஷ்டம், நேரம் என் இஷ்டம்” என்றார் மேனேஜர்.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தவள் சின்னவள். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைத் தன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், தரைக்கு விரற்கடை மேலே தொங்கவிட்டாள். வண்டி போகப் போக ஆணிகள் டிக் டிக்கென்று தாவி ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததை அவள் கண் பிடிக்கும். கண்டதும் ஒரு மணி அடிப்பாள். பின்னால் வரும் பதினெட்டுப் பேரும் அவளுடைய தடத்திலேயே விலகிப் போவார்கள்.

“பராக்குப் பார்க்காதே. கண்ணு தரையிலயே இருக்கட்டும்.” தினமும் கிளம்பும்போது பெரியவள் சொல்வது இது. மேட்டுப் பக்கம் வெளுக்கிற வானத்தைப் பார்க்கச் சின்னவள் தலை நிமிர்ந்தால், பின்னாலிருந்து அதட்டுவாள்: “தரையப் பாருடீ.”

ஆலைக்குப் போகிற வழியில் வரும் பாலத்தில், சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் என்று ஓரமாக ஒரு குறுகிய வழி. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பங்கள். ஒருநாள் அந்த வழி முழுக்க ஆணி. சின்னவள் இன்னும் நன்றாகக் குனிந்து, விடாமல் மணி அடித்துக்கொண்டே நுழைந்தாள்.

மணிச் சத்தம் நின்றது.

கம்பத்துக்குக் கம்பம், குனிந்து ஓட்டுகிறவளின் கழுத்தளவு உயரத்தில், விறைப்பாக ஒரு கம்பி கட்டியிருந்தார்கள். மங்கலில் சட்டென்று கண்ணில் படாத மெல்லிய கம்பி. ஆனால் தலை நிமிர்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

பெரியவள் தங்கையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் அவள் கழுத்தைப் பொத்தினாள். சூடு விரலிடுக்கில் வழிந்துகொண்டே இருந்தது. சின்னவள் எதையோ சொல்லப் பார்த்தாள். உதடு மட்டும்தான் அசைந்தது. பின்னால் வந்த வேன் வேகத்தைக் குறைத்தது, பிறகு போய்விட்டது. ஜன்னல்களில் முகங்கள் ஒட்டியிருந்தன.

அறைக்குத் திரும்பியதும் பெரியவள் பழக்கத்தில் இரண்டு பேருக்கு உலை வைத்தாள். கொதித்த பிறகுதான் நினைவு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, சின்னவள் முந்தின நாள் துவைத்துப் போட்டிருந்த சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தாள். அது இன்னும் ஈரமாக இருந்தது. அது காயும் வரைக்கும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு ரேடியோ வந்தாள். மேசையில் ஒரு தாள் தயாராக இருந்தது.

“உட்காரும்மா. மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு. ஏதோ பசங்க விளையாட்டுக்குப் பண்ணது. இதை இழுத்துக்கிட்டே போனா உனக்குத்தான் அலைச்சல். தங்கச்சி கவனக்குறைவா ஓட்டினான்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, ஸ்டேஷன்ல முடிச்சிடுவாங்க. உனக்கு வேன்ல சீட் போட்டுத் தரச் சொல்றேன்.”

“கவனக்குறைவாவா?” என்றாள் ரேடியோ.

“குனிஞ்சுகிட்டே ஓட்டியிருக்கா. பார்த்தவங்க சொல்றாங்க. ரோட்டுல போறவ எதிர்ல பார்க்க வேணாமா? நானா அவளைக் குனியச் சொன்னேன்?”

அந்தக் கேள்வி பெரியவளின் நெஞ்சில் நேராக இறங்கியது. நான்கு நாளாகச் சுவரைப் பார்த்து அவளே கேட்டுக்கொண்டிருந்தது அது. தரையப் பாருடீ. அவள் பேனாவை எடுத்தாள். ரேடியோ அவள் முகத்தையே பார்த்தாள், தடுக்கவில்லை. தாளில் தங்கையின் முழுப்பெயர் அழகாக அடித்திருந்தது. பேனா முனை அந்தப் பெயருக்கு மேலேயே நின்றது.

“இல்லைங்க” என்றாள் பெரியவள். “நீங்க சொல்லலை. நான்தான் சொன்னேன். தினமும் சொன்னேன். அந்தப் பாரம் எனக்கு இருக்கு, சாகிற வரைக்கும் இருக்கும்.” பேனாவை மூடி வைத்தாள். “ஆனா ரோட்டுல ஆணி போட்டவன் யாருங்க? எங்களைக் குனிய வெச்சவன் யாரு? அவன்தானே குனிஞ்ச தலைக்கு நேரா கம்பியும் கட்டினான்?”

“யாரைச் சொல்ற? வார்த்தையைப் பார்த்துப் பேசு.”

“பார்த்துத்தான் பேசறேன். கழுத்துல இருந்து அந்தக் கம்பியை எடுத்தது என் கை. அது நம்ம பொதி கட்டுற கம்பி. பேக்கிங்ல தினமும் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?”

“உலகத்துல அந்தக் கம்பி நம்மகிட்ட மட்டும்தான் இருக்கா?”

“அதைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்டேஷன் இருக்கு. நான் கையெழுத்துப் போட்டா அவங்க தேடவே மாட்டாங்க. அதுக்குத்தானே கூப்பிட்டீங்க?”

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். “நாளையிலேர்ந்து சைக்கிள்ல வர்றவங்களுக்கு இங்க வேலை இல்லை. போய்ச் சொல்லு.”

“சொல்லிட்டாப் போச்சு” என்று ரேடியோ எழுந்தாள். “அது எனக்குக் கைவந்த வேலைங்க.”

மறுநாள் எத்தனை பேர் வருவார்கள் என்று பெரியவளுக்குத் தெரியாது. வேலையை விட முடியாதவர்கள் எல்லோரும். பயமும் நியாயமானதுதான். விடியற்காலையில் அவள் தெருமுனைக்கு வந்தபோது பதினேழு சைக்கிள் நின்றது.

அவர்கள் ஓரமாகப் போகவில்லை. ரோட்டின் நடுவில், மூன்று மூன்று பேராக, மெதுவாகப் போனார்கள். பாலம் வந்ததும் பெரியவளின் கால் மிதியிலிருந்து நழுவியது. இறங்கினாள். எல்லோரும் இறங்கினார்கள். கழுவியும் போகாத கறை ஒன்று ஓரத்தில் இருந்தது.

பின்னால் வேன் வந்து ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. “வழி விடுங்கடி, நேரமாகுது” என்று டிரைவர் தலையை நீட்டினான். ஒருத்தியும் நகரவில்லை.

வேன் கதவு உள்ளேயிருந்து திறந்தது. பேக்கிங் பிரிவில் பொதி கட்டுகிறவள் இறங்கி வந்தாள். மூன்று பிள்ளைக்காரி; ஆலையில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். பெரியவளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அன்னிக்கு வேன்ல நானும் இருந்தேன்” என்றாள். “நிறுத்தச் சொல்லலை. அதை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனா அதுக்கு முந்தின நாள் என் மேசையிலேர்ந்து ஒரு சுருள் கம்பி போச்சு. யார் கேட்டு வாங்கிட்டுப் போனாங்கன்னு எனக்குத் தெரியும். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்.”

“உன் வேலை போயிடும்” என்றாள் பெரியவள்.

“போகும்.”

வேனிலிருந்து இன்னொருத்தி இறங்கினாள். பிறகு இரண்டு பேர். பிறகு வரிசையாக. டிரைவர் ஹாரன் மேலிருந்து கையை எடுத்துவிட்டான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோடு இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் ஆலை, இடப்பக்கம் காவல் நிலையம். அங்கே புகாரை வாங்குவார்களோ, விரட்டுவார்களோ. ஆலைக் கதவு இனி திறக்குமோ திறக்காதோ. பெரியவள் பேக்கிங்காரியைத் தன் சைக்கிளின் பின்னால் உட்காரச் சொன்னாள். அவள் தயங்கி, கேரியரிலிருந்த தூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, பெரியவளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

பாரம் கனத்தது. பெரியவள் எழும்பி நின்று மிதித்து, இடப்பக்கம் திரும்பினாள்.